அளந்து அடிப்பவரா, அள்ளி இறைப்பவரா

வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் கோயில் திருவிழா மேடையில், நடுவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் நேரம். மேடைக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்திருந்தார்கள். திறந்திருந்த நாலாவது பக்கத்தால் பனிமூட்டம் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. என் முன்னால் ஒரு மேசை, மேசையில் ஒரு பள்ளிக்கூட மணி. இரு பக்கமும் என் பழைய நண்பர்கள், வலப்பக்கம் நிசார், இடப்பக்கம் செல்வராஜ்.

தலைப்பை ஒலிபெருக்கியில் நானே அறிவித்தேன். "முற்போக்கு ராக் இசையில் தலைசிறந்த டிரம் வாசிப்பாளர் அளந்து அடிப்பவரா, அள்ளி இறைப்பவரா?"

எதிரே அந்தத் தோட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. அவர்களில் ஒருவருக்கும் அந்த இசையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் பட்டிமன்றம் தெரியும். இரண்டு பேர் எழுந்து ஒருவரையொருவர் மறுக்க வேண்டும், கடைசியில் நடுவர் ஒரு பக்கம் சாய வேண்டும். அவர்களுக்கு அது போதும். ஒரு அம்மா கம்பளியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு, தொடங்கலாம் என்பது போல எனக்குத் தலையசைத்தார்.

நான் பயந்துபோயிருந்தேன். அன்று நான் பிழையான தீர்ப்புச் சொன்னால் செல்வராஜ் எங்களிடம் திரும்பி வரவே மாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். எது பிழையான தீர்ப்பு என்பதுதான் தெரியவில்லை.

பெட்டியில் வந்த இசை

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு நான் கொட்டகலையில் கணிதம் படிப்பித்தவன் என்பது தெரிந்திருக்கும். போன வாரம் ரயிலில் பலாப்பழம் ஏற்றிய கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, நான் சொல்லும் மாதத்தில் பலாப்பழம் இருக்காது, அது கறி வைக்கும் ஈரப்பலாவாக இருக்க வேண்டும் என்றார். இருக்கலாம். நன்றி.

நிசாரின் கடை கொட்டகலைக் கடைத்தெருவில் இருக்கிறது. அவனுடைய வாப்பா காலத்தில் அது ரேடியோ திருத்தும் கடை. பிறகு கேசட் கடையானது. இப்போது கைபேசிக்கு உறையும் சார்ஜரும் விற்கிறான், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறான். கடையில் என்ன விற்றாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வியாபாரம் நடப்பதில்லை. அந்த நேரம் எங்களுடையது.

நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்த சின்னதொரை ஒருவர் தன் கேசட் பிளேயரைத் திருத்தக் கொடுத்தார். போட்டுப் பார்ப்பதற்கு ஒரு பெட்டி கேசட்டும் கொடுத்தார். நிசாரின் வாப்பா திருத்தி முடித்து, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். கேட்டுவிட்டு, பிளேயர் இன்னும் திருந்தவில்லை என்று மறுபடி கழற்றினார். மூன்றாம் தடவை கழற்றும்போதுதான் நிசார், பாட்டே அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னான்.

சின்னதொரைக்கு இடமாற்றம் வந்தது. பிளேயரை எடுத்துக்கொண்டு போனவர் பெட்டியை மறந்துவிட்டார். நாங்கள் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த இசையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராக் இசைதான். ஆனால் ஒரே பாட்டு கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். பாடகர் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எல்லோரும் நாலு நாலாக எண்ணும் தாளத்தை இவர்கள் ஐந்தாகவும் ஏழாகவும் எண்ணுவார்கள், நடுவில் சொல்லாமல் மாற்றுவார்கள். கணித வாத்தியாருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. மற்ற இரண்டு பேருக்கும் ஏன் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேசட்டுகளின் மேல் இலக்கம் மட்டும்தான் எழுதியிருந்தது. யார் வாசிக்கிறார் என்று தெரியாது. அதனால் டிரம் வாசிப்பவர்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ஒருவர் விடாமல் கொட்டினார், அவர் மழைக்காரர். ஒருவர் நூலை வீணாக்காமல் தைப்பது போல் வாசித்தார், அவர் தையல்காரர். மூன்றாமவர் டிரம்மோடு இருக்கும் வெண்கலத் தட்டைச் சும்மா தடவிக்கொண்டே இருப்பார், சத்தம் புகை மாதிரி பரவும். அவரைச் சாம்பிராணி என்றோம். அவர் என்னுடைய ஆள்.

பிற்காலத்தில் இணையம் வந்து அவர்களுடைய உண்மைப் பெயர், ஊர், யாருடன் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இங்கேயும் அந்தப் பெயர்களை எழுதப்போவதில்லை. எழுதினால் தொலைபேசி வரும். பலாப்பழத்துக்கே பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு கட்சி

நிசார் தையல்காரர் கட்சி. அடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அடிப்பவன்தான் பெரியவன் என்பது அவன் வாதம். ஒரு நீண்ட பாட்டில் தையல்காரர் பாதிப் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டிருப்பார். பிறகு ஒரே ஒரு அடி. அந்த அடி வரும்போது நிசார் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவான். அப்போது யாராவது சார்ஜர் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவான்.

செல்வராஜ் மழைக்காரர் கட்சி. அவன் நோட்டன் பிரிட்ஜில் மின்நிலையத்தில் வேலை செய்தவன். நாள் முழுவதும் ஒரே மாதிரி உறுமும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவன். அளந்த சத்தம் தனக்கு வேலையிலேயே போதும் என்பான். அதோடு அவனே டிரம் வாசிப்பவன். ஹட்டனில் ஒரு கல்யாண இசைக்குழுவில் சனி ஞாயிறு மாலைகளில் வாசித்தான்.

அந்தக் குழுவில் அவனுக்கு நல்ல பெயர் என்று சொல்ல முடியாது. ஒரு வரவேற்பில் பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும் பாட்டுக்கு இவன் நடுவில் ஏழு தாளத்தைப் போட்டுவிட்டான். மாப்பிள்ளை இடது கால் வைத்தபோது பொண்ணு நின்றுவிட்டது. பூக்கூடையோடு பின்னால் வந்த பூப்பிள்ளைகள் இருவரும் முட்டிக்கொண்டார்கள். வீடியோக்காரர் மறுபடி வாசலிலிருந்து வரச் சொன்னார். இவன் மறுபடியும் ஏழு போட்டான். அவர்கள் இப்போது கனடாவில் சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி.

எங்கள் விவாதங்களை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. ஒரு பாட்டில் தட்டு விழுவது ஐந்தாம் அடியிலா ஆறாம் அடியிலா என்பதில் ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. நான் "தகிட தகதிமி" என்று விரல் விட்டு எண்ணி, அது ஆறுதான் என்று நிரூபித்தேன். நிரூபித்ததற்காக இரண்டு பேருமே என்னோடு கோபித்துக்கொண்டார்கள். சாம்பிராணியைப் பற்றி நான் பேச்செடுத்தால் செல்வராஜ் பால் விடாத பிளேன்டி சொல்லப் போய்விடுவான். இத்தனை ஆண்டுகளில் சாம்பிராணிக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் எங்களுக்குள் ஏதோ காணித் தகராறு என்று நினைப்பார்கள். ஒரு முறை பக்கத்துக் கடைக்காரர் சமாதானம் பேசவே வந்துவிட்டார். உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினோம். அதற்குப் பிறகு அவர் எங்கள் விஷயத்தில் தலையிட்டதில்லை.

சரி என்று சொன்ன நாள்

செல்வராஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குப் பக்கத்தில் வட்டகொடையில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. கால் ஓரளவு திரும்பியிருந்தது. இடது கை வரவில்லை. டிரம்மில் அந்தக் கைக்குத்தான் நுணுக்கமான வேலை அதிகம். அதை நாங்கள் யாரும் வாயால் சொல்லவில்லை.

கொஞ்சம் தேறியதும் அவனுடைய மனைவி தனம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை ஆட்டோவில் கடைக்குக் கூட்டிவந்தார். இடது கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவான். ஊரே அவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கியிருந்தது. அவன் மழை வரும் என்றால் எல்லோரும் ஆமாம் என்றார்கள். வராது என்றாலும் ஆமாம் என்றார்கள்.

நாங்களும் மாறிப்போனோம். நான் அவனிடம் எதையும் நிரூபிப்பதை நிறுத்திவிட்டேன். நிசாரும் இழுத்து இழுத்துப் பேசினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வழக்கம்போல, தையல்காரர் கை ஓடாத காரணத்தால்தான் அளந்து அடிக்கிறார் என்று சீண்டினான். இந்த வார்த்தைக்கு முன்பெல்லாம் நிசார் கடையைச் சாத்திவிட்டுப் பதில் சொல்வான். அன்று அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொல்றது சரிதான் மச்சான். மழைக்காரர்தான் பெரியவர்" என்றான்.

செல்வராஜ் எழுந்தான். ஆட்டோ வரும்வரை வெளியே நின்றான். அதற்குப் பிறகு அவன் கடைக்கு வரவில்லை.

தொலைபேசியில் அழைத்தால் தனம்தான் எடுத்தார். தூங்குகிறார், குளிக்கிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார். கடைசியில் ஒருநாள் அவரே சலித்துப்போய் உண்மையைச் சொன்னார். "சண்டை போட ஆளில்லாமத்தான் இவரு மெலிஞ்சு போறாருங்க மாஸ்டர். எல்லாரும் சரி சரிங்கிறாங்க. செத்தவன்கிட்டதான் இப்படிப் பேசுவாங்கன்னு சொல்றாரு."

நிசாரிடம் போய்ச் சொன்னேன். அவன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றியபடியே, கை விழுந்துபோன வருத்தக்காரனோடு எப்படிச் சண்டை போடுவது என்று என்னையே கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்டோம். இரண்டு பேர் இருந்து கேட்டால் அது வெறும் பாட்டுத்தான்.

வேன் வரவில்லை

அப்படி மாதங்கள் போய், திருவிழா வந்தது. செல்வராஜ் பிறந்த தோட்டத்துக் கோயில். மைக் செட் நிசாருடையது. பட்டிமன்றத்துக்கு நடுவர் நான், ஏனென்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு வேறு வேலை இருக்காது என்று கமிட்டியார் நம்புகிறார்கள். தலைப்பு, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா. பேச்சாளர்கள் வெளியூரிலிருந்து வேனில் வருவதாக ஏற்பாடு.

வழியில் மண்சரிந்து வேன் நின்றுவிட்டது. மேடை தயார், சனம் தயார். கமிட்டித் தலைவர் பொன்னையா, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய ஓய்வுபெற்ற கண்டாக்கு. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் குறைந்தால் எப்படி நிரப்புவார்களோ அதே முறையில் என்னிடம் வந்தார். "ரெண்டு பேரப் புடிங்க சேர், பேசத் தெரிஞ்சா போதும்" என்றார்.

நான் சுற்றிப் பார்த்தேன். நிசார் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். செல்வராஜ் தனத்தோடு முன்வரிசையில் இருந்தான். அன்று காலையிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருந்தார்கள். குடும்ப மகிழ்ச்சியைப் பற்றி இருவருக்கும் பேச வராது. அவர்களுக்குப் பேசத் தெரிந்த விஷயம் உலகத்தில் ஒன்றுதான்.

அதைப் பொன்னையாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். மேளம் பற்றியது என்பதால் கோயிலுக்குப் பொருத்தம்தான் என்றார். முற்போக்கு என்பது மட்டும் கட்சி விஷயம் மாதிரி இருக்கிறதே என்று தயங்கினார். கட்சி இல்லை, வெறும் தாளம் என்று உறுதி கொடுத்தேன்.

செல்வராஜ் மறுப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொந்தக் கோயில், கேட்டவர் கமிட்டித் தலைவர், மறுக்க முடியாது. மேடைப் படியில் கையைப் பிடித்து ஏற்றியபோது என் காதுக்கருகே, "ரெண்டும் ரெண்டு கண்ணு மாதிரின்னு முடிச்சிராதீங்க மாஸ்டர். ஒரு பக்கம் சொல்லணும்" என்றான்.

என்னிடம் இருந்த ஒரே தீர்ப்பு அந்த இரண்டு கண்தான். எல்லா நடுவர்களும் அதை வைத்துத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

முதல் சுற்று

முதலில் நிசாரை அழைத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, அளந்து அடிப்பதிலும் நன்மை உண்டு என்று தொடங்கினான். கண்டதையும் அளக்கும் கடைக்காரனுக்கு அதன் அருமை தெரியும் என்று ஒரு நகைச்சுவை சொன்னான். சிலர் சிரித்தார்கள். அதோடு சரி. பிறகு அள்ளி இறைப்பவரின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். அவருடைய வேகம், அவருடைய உழைப்பு, அவரை மிஞ்ச யாராலும் முடியாது என்பது. எதிரணிக்காக அவ்வளவு நன்றாக நிசார் பேசி நான் கேட்டதில்லை. கைத்தட்டலோடு உட்கார்ந்தான்.

செல்வராஜ் எழுந்தான். மைக் முன்னால் வந்து நின்றான். இடது கை பையில் இருந்தது. சனத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"நடுவர் அவர்களே, எதிரணியில ஆளே இல்லீங்க. அந்த நாற்காலி சும்மா கெடக்கு. அவர ஒழுங்காப் பேசச் சொல்லுங்க. இல்லன்னா நான் எறங்கி வீட்டுக்குப் போறேன்."

கூட்டம் சிரித்தது. பட்டிமன்றத்தில் இப்படிக் கேலி செய்வது வழக்கம் என்பதால் அவர்களுக்கு அது நன்றாகவே இருந்தது. செல்வராஜின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் உண்மையாகவே இறங்கப் போகிறான் என்று எனக்கும் நிசாருக்கும் தனத்துக்கும் தெரிந்தது. இந்த மேடையிலிருந்து இறங்கினால் அவன் எங்களிடமிருந்தும் இறங்கிவிடுவான்.

மணியை அடித்தேன். முதலணித் தலைவர் தலைப்பை விட்டு விலகிவிட்டதால் அவர் மறுபடி பேச வேண்டும் என்று உத்தரவிட்டேன். அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது.

இரண்டாம் சுற்று

நிசார் எழுந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது. செல்வராஜைப் பார்த்தான். பிறகு மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, கடையில் பேசுவது மாதிரியே பேசினான்.

மழை பெய்வதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, அது பாட்டுக்குப் பெய்யும் என்றான். ஓட்டைக் கூரையில் விழும் தண்ணீருக்கும் தாளம் உண்டா என்று சனத்தைக் கேட்டான். லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி புரிந்தது, பலமாகச் சிரித்தார்கள். பயப்படுகிறவன்தான் இடைவெளியை நிரப்புவான், தைரியம் உள்ளவன் விட்டுவிடுவான் என்றான். தையல்காரர் பாதிப் பாட்டுக்குச் சும்மா இருப்பதைச் சொன்னான். சும்மா இருந்தும் பாட்டு அவர் கையில்தான் இருக்கிறது என்றான். பழைய நிசார் வந்துவிட்டான். செல்வராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

அப்போதுதான் நிசார் அதைச் சொன்னான்.

"நான் ஒண்டு கேக்கிறேன். தையல்காரர் அந்தப் பாட்டுல ஒரு கையத்தான் பாவிக்கிறார். அது போதும் அவருக்கு. உங்கட மழைக்காரர்ட்ட இருந்து ஒரு கைய எடுத்துப் போட்டா, என்னா மிஞ்சும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் செல்வராஜைத் தெரியும். தனம் என்னை நேராகப் பார்த்தார். நிசார் தான் சொன்னதைத் தானே கேட்டது போல வாயைத் திறந்தபடி நின்றான். நான் மணியைத் தூக்கினேன், அடிக்கவில்லை.

செல்வராஜ் எழுந்து வந்தான். இடது கையைப் பையிலிருந்து வலது கையால் எடுத்து, என் மேசையின் மேல் வைத்தான். எல்லோரும் பார்க்கும்படி வைத்தான்.

"ஒரு கை போனா இன்னொரு கையும் ரெண்டு காலும் மிஞ்சும். டிரம்ஸ் அடிக்கிறவன் நாலு ஆளு. ஒரு ஆளு லீவு போட்டா மலையில வேல நின்னுருமா?"

கைத்தட்டல் தகரத்தை அதிரவைத்தது. அவன் அதற்குக் காத்திருக்கவில்லை. மேசையில் வாசித்துக் காட்டப்போவதாகச் சொன்னான். மைக் உயரத்தில் இருந்தது. நிசார் ஓடி வந்து, மைக்கைத் தாழ்த்தி மேசைப் பலகைக்கு நேராக வைத்துக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

செல்வராஜ் என் நாற்காலியில் உட்கார்ந்தான். நடுவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்த அணித்தலைவர் அவனாகத்தான் இருப்பான். வலது கை மேசையில், இரண்டு காலும் மேடைப் பலகையில். மழைக்காரரின் அந்த நீண்ட பாட்டில், நாங்கள் சண்டை போட்டுத் தேய்த்த அந்த இடத்தைத் தொடங்கினான்.

வேகம் அப்படியே இருந்தது. கால்கள் தடுமாறவில்லை, அல்லது தடுமாறியதை அவன் தாளமாக்கிக்கொண்டான். ஆனால் இடது கை விழ வேண்டிய இடங்களில் ஒன்றும் விழவில்லை. அந்த இடங்களை அவன் நிரப்பவும் இல்லை, தாண்டவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதன் நேரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போனான். இத்தனை வருஷம் கேட்ட அந்தப் பகுதியில் ஏழு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அன்றுதான் எனக்கு எண்ணாமலே கேட்டது. முன்வரிசையில் கம்பளி போர்த்திய அம்மா, அடி விழாத இடங்களில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்து நிமிர்ந்தான். வேர்த்திருந்தது. மூட்டத்துக்குள்ளே இருந்து கைத்தட்டல் வந்துகொண்டே இருந்தது. "தீர்ப்பு சொல்லுங்க" என்று என் நாற்காலியை என்னிடம் தந்தான்.

தீர்ப்பு

செல்வராஜுக்குக் கொடுத்திருக்கலாம். சனத்துக்கு அதுதான் வேண்டும். தனத்துக்கும் நிசாருக்கும்கூட அதுதான் வேண்டும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அவனுக்குக் கொடுத்திருந்தால் பொன்னாடை போர்த்தி, படம் பிடித்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவன் மறுபடியும் எல்லோரும் சரி என்று சொல்கிற வீட்டுக்குப் போயிருப்பான்.

உட்காராமல் நின்றபடியே, மேடைத் தமிழில் சொன்னேன்.

"அள்ளி இறைப்பவரே சிறந்தவர் என்று நிறுவ, அணித்தலைவர் செல்வராஜ் வாசித்துக் காட்டினார். அதில் நம்மைக் கட்டிப்போட்டது அவர் அடித்த அடிகள் அல்ல, விட்ட இடங்கள். அது எதிரணியின் வாதம். தன் கட்சிக்காக வாசித்து எதிர்க்கட்சியை நிரூபித்திருக்கிறார். ஆகவே, தலைசிறந்தவர் அளந்து அடிப்பவரே."

யாரும் தட்டவில்லை. பின்னால் ஒருவர் மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்தினார். பொன்னையா மைக்கை வாங்கி, மேளக்கலை பற்றிய பயனுள்ள நிகழ்ச்சிக்கு நன்றி தெரிவித்து, அடுத்தது சிறுவர் நடனம் என்றார். செல்வராஜ் எங்களைப் பார்க்காமல் படியிறங்கினான். தனம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நடனம் முடிந்து நிசார் ஒயர்களைச் சுற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. "சபையில வச்சு அவன்ட கையப் பேசிட்டேன் மாஸ்டர். நீங்களும் தோக்கடிச்சிட்டீங்க. இனி அவன் வரமாட்டான்" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த வயதில் ஒரு நண்பனைத் தொலைத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வர மாட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், என் தீர்ப்பு சரி என்பது எனக்கு ஒரு ஆறுதலையும் தரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நிசாரும் நானும் கடையில் இருந்தோம். பாட்டுப் போடவில்லை. வட்டகொடை, தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த பஸ் எதிரே நின்றது. கண்டக்டர் ஒருவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். செல்வராஜ்தான். ஆட்டோ இல்லை, தனம் இல்லை, தனியாக வந்திருந்தான்.

தெருவைக் கடக்க அவனுக்கு நேரம் எடுத்தது. நிசார் எழுந்தான். ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்க்கிறான் என்று தெரிந்து நான் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். செல்வராஜ் படியேறி வந்து, நனைந்த தலையைத் துடைக்காமல், என்னைக் கணக்கிலேயே எடுக்காமல், நிசாருக்கு முன்னால் போய் நின்றான்.

"என் கையப் பத்தி நீ சொன்னது சரி. மழைக்காரரப் பத்திச் சொன்னது தப்பு."

நிசார் எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எங்க தப்பு? சொல்லு பாப்பம்."